நானூற்றுப் பன்னிரண்டு தீர்ப்புகளும் ஒரு மாப்பிள்ளையும்

எங்கள் குடும்பத்தில் ஜாதகம் பார்ப்பதில்லை. கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோதே பௌத்தராகிப் புத்தரிடம் போய்விட்டார். போகும்போது ராசி, நட்சத்திரம், செவ்வாய் தோஷம் எல்லாவற்றையும் சுரங்கத்துக்குள் போட்டுவிட்டுத்தான் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பது கட்டம் போடுகிற வேலை இல்லை, விசாரிக்கிற வேலை. தெருமுனை டீக்கடை, இஸ்திரிக்காரர், பக்கத்து வீட்டு அம்மா என்று நாலு பேரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து ஆளை எடை போட வேண்டும். அது தாய்மாமன் பொறுப்பு, அதாவது என்னுடையது.

என் பெயர் அசோகன். ஹெப்பகோடியில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தர ஆய்வாளராக இருந்து, போன மார்ச்சில் ஓய்வு பெற்றேன். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் பொருள் வெளியே போகலாம். மஞ்சள் ஒட்டினால் திருத்திக்கொண்டு வர வேண்டும். சிவப்பு ஒட்டினால் உருக்குவதற்குப் போய்விடும். எனக்குக் கொடுக்கிற ஸ்டிக்கரில் சிவப்புதான் முதலில் தீரும் என்று ஸ்டோரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். என் கையெழுத்தோடு போன ஒரு பொருள்கூடத் திரும்பி வந்ததில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் இல்லை நான்.

கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்குப் பார்த்த பெண்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரிடமும் ஒவ்வொரு குறை கண்டுபிடித்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அதில் பதின்மூன்று பேரிடம் ஒரு குறையும் இல்லை. அளக்கிற கருவியில்தான் கோளாறு இருந்திருக்கிறது.

அக்கா தனக்கோடி நீலசந்திராவில் இருக்கிறாள். நான் அடுத்த தெரு. அவள் வீட்டுக்காரர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. மூத்த மகள் பார்கவிக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து முப்பது டீ குடித்து விசாரித்தேன். என் வயிறு புண்ணானது, ஆனால் மாப்பிள்ளை தங்கம். அன்றிலிருந்து அக்காவுக்கு என் வாய் வார்த்தை போதும்.

இளையவள் ரக்ஷிதாவுக்கு வயது முப்பத்தொன்று. ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒருத்தர் இருக்காரு. பேரு யுவன். அல்சூர்ல இருக்காரு. நானும் அவரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"இன்னா வேலை?" என்றாள் அக்கா.

"வீடியோ கேம் விமர்சகர்."

"அப்டின்னா?"

"புதுசா வர்ற கேமை ஆடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எழுதுவாரு. பத்துக்கு இவ்ளோன்னு மார்க் போடுவாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆடறதுக்காடா சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆடறதுக்கில்லம்மா. தீர்ப்பு சொல்றதுக்கு."

இந்த இடத்தில் எனக்கு அந்தப் பையன் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. தீர்ப்பு சொல்லிப் பிழைக்கிறவனின் கஷ்டம் இன்னொரு தீர்ப்பு சொல்கிறவனுக்குத்தான் தெரியும்.

மறுநாளே அல்சூருக்குப் போனேன். ஏரிக்குப் பக்கத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு. வாட்ச்மேன், "கொத்தில்லா சார். பேக்நல்லி ஊட்டா பருத்தே, அஷ்டே" என்றார். சாப்பாடு பையில் வருகிறது, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். அந்த வீட்டிலிருந்து இரண்டு வருஷமாக ஒரு துணியும் வந்ததில்லை என்றார். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, எதிரில் ஆள் இருக்கிறதா என்று என்னிடமே விசாரித்தார். எதிரே டீக்கடைகூட இல்லை. ஒரு ஜிம் இருந்தது. அங்கே மூன்று நாள் உட்கார முடியாது.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அப்போது ரக்ஷிதா ஒரு தப்பு செய்தாள்.

"அவரைப் பத்தி யாரையும் கேக்கவே வேணாம் மாமா. மனசுல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதிடுவாரு. எல்லாம் வெப்சைட்ல இருக்கு, படிச்சுப் பாருங்க."

ஒன்பது வருஷத்தில் அவன் நானூற்றுப் பன்னிரண்டு கேம்களுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தான். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, இரண்டு தொகுதியாக பைண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்தேன். கேம்களின் பெயர் என் வாயில் நுழையாது. எண் போட்டால்தான் எனக்கு வேலை ஓடும்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் படிப்பு ஆரம்பமானது. எல்லாம் இங்கிலீஷ், நான்தான் தமிழில் சொன்னேன். முதல் பதினாறும் நல்லபடியாகவே போயின. எண் ஐந்து, கார் பந்தயம். "பிரேக் சரியில்லை, ஆறு மார்க்" என்று எழுதியிருந்தான். வண்டி நிதானமாகத்தான் ஓட்டுவான் போலிருக்கிறது என்றாள் அக்கா. எண் ஒன்பது, பேய் பங்களா. "பயம் வரவில்லை, தூக்கம் வந்தது. மூன்று மார்க்." தைரியசாலிதான் என்றாள். ரக்ஷிதா முகத்தில் வெளிச்சம் வந்தது.

பிறகு எண் பதினேழு வந்தது. ஒரு கிராமத்தில் நிலம் வாங்கி விவசாயம் செய்கிற கேம். நான் யோசிக்காமல் உரக்கப் படித்துவிட்டேன்.

"முதல் வருஷம் ஊர் டாக்டரம்மாவை மணந்தேன். பனிக்காலத்தில் விவாகரத்து செய்தேன். அடுத்து கொல்லனின் தங்கை. பிறகு தபால்காரி, பிறகு மேயரின் மகள். நான்கு திருமணங்களில் மூன்றாவதுதான் மனநிறைவு தந்தது. எட்டு மார்க்."

அக்கா உறித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அது கேம்மா" என்றாள் ரக்ஷிதா.

"எனக்குத் தெரியாதா, கேமுன்னு? உங்கப்பன் எப்டிப்பட்ட ஆளுன்னு நான் எங்க தெரிஞ்சிகினேன்? சீட்டாடறப்பதான். ஊருக்கு தர்மராஜா. தொடைக்கு அடியில ஜோக்கரை ஒளிச்சி வெச்சிகினு இருந்தாரு. விளையாட்டுலதான்டி மனுசனோட நெஜ குணம் வெளிய வரும்."

அவள் சொல்வதும் சரிதான். தொழிற்சாலையில் கேரம் போட்டியில்தான் எங்கள் மேனேஜரை நானும் புரிந்துகொண்டேன்.

அதற்குமேல் எல்லாம் சரிவுதான். எண் ஐம்பத்திரண்டில், "அனாதை இல்லத்து உண்டியலை உடைத்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. பெரிய ஏமாற்றம்" என்று எழுதியிருந்தான். மாட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு வருத்தப்படுகிற திருடனை அக்கா அதுவரை கேள்விப்பட்டதில்லை. எண் நூற்று மூன்றில் கதாநாயகனின் மாமியார்தான் கடைசி எதிரி. "மாமியாரை வாளால் பதினாறு முறை தாக்கியும் பயனில்லை. பதினேழாவது முறை விஷம் வைத்தேன். அபாரமான முடிவு. ஒன்பது மார்க்." இவனுக்கு மாமியாராகப் போகிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் அதைப் படித்திருக்கக் கூடாது. எண் நூற்று நாற்பது சமையல் கேம். "சோறு குழைந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இதைவிட நியாயமான விதி கிடையாது." ரக்ஷிதா வடிக்கிற சோறு என்றைக்கும் குழைந்துதான் இருக்கும். அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அக்கா எழுந்து நின்று தீர்மானமாகச் சொன்னாள்.

"அசோகா, மிச்சத்துல இன்னா இன்னா பண்ணி வெச்சிருக்கானோ. சும்மா படிச்சா போதாது. நீ ஒண்ணொண்ணா அந்த கேமை ஆடிப் பாரு. நானூத்திப் பன்னெண்டும் பாத்துட்டு ஓகேன்னு சொல்லு, என் பொண்ணைக் குடுக்கறேன். ஒண்ணு கொறைஞ்சாலும் வேணாம்."

"நானூத்திப் பன்னெண்டா?" என்றாள் ரக்ஷிதா.

"எந்தம்பி பாக்காம கையெழுத்து போடமாட்டான்" என்றாள் அக்கா.

அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சப்ளையர் தருகிற சான்றிதழை நம்பாதே, பொருளை நீயே அளந்து பார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ரக்ஷிதாவின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எண் பதினேழிலிருந்து ஆரம்பித்தேன், அதுதான் பெரிய குற்றச்சாட்டு. டாக்டரம்மாவை மணந்தேன். அந்தம்மா தினமும் நான் வயலிலிருந்து வரும்போது வாசலில் சூப்போடு நின்றாள். பதினான்கு பெண்களை வேண்டாம் என்று சொன்னவன், பன்னிரண்டு நாள் அவளோடு குடும்பம் நடத்தினேன். பிறகு கடமைக்காக விவாகரத்துப் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மற்ற மூன்று கல்யாணங்களையும் முறைப்படி முடித்துப் பார்த்தேன். யுவன் எழுதியது சரி. மூன்றாவதுதான் மனநிறைவு. கையில் மிச்சமிருந்த பழைய ஸ்டிக்கரில் ஒரு பச்சையை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒட்டினேன்.

அனாதை இல்லத்து உண்டியலையும் உடைத்தேன். உண்மையிலேயே ஒருவரும் கேட்கவில்லை. பணத்தைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால் அதற்கு வழியே வைக்கவில்லை. எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மீன் பிடிக்கிற கேம் ஒன்றில் தூண்டில் நான்கு விநாடி தாமதமாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தான். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். சரியாக நான்கு விநாடி. நூற்று மூன்றாம் எண் மாமியாரைக் கொல்ல எனக்கு நாற்பத்து மூன்று முறை ஆனது.

"வெசந்தான்கா வழி" என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். "வாளு, அம்பு, நெருப்பு எல்லாம் பாத்துட்டேன். அவன் மேல தப்பே இல்ல. நானும் கடைசில வெசந்தான் வெச்சேன்."

அக்கா தன் காபி டம்ளரை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

பத்தாவது கேம் முடிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பையன் பொய் சொல்கிறவன் இல்லை. அந்த இடத்திலேயே நான் ஓகே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் முறைதான் முக்கியம் என்று சொல்லியிருப்பேன். நிஜக் காரணம் வேறு. முப்பத்து நான்கு வருஷம் காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவன் நான். மார்ச்சுக்குப் பிறகு அந்த பஸ் எனக்காக நிற்பதில்லை. ஒரு ஃபோன்கூட வரவில்லை. இப்போது என்னிடம் வேலை இருந்தது, வரிசை எண் இருந்தது, ஸ்டிக்கர் இருந்தது. சாயங்காலமானால் ரக்ஷிதா டியூட்டி முடிந்து வந்து, "எத்தனை ஆச்சு மாமா?" என்று கேட்டாள். கேட்கிறதற்கு ஓர் ஆள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

ஆவணி மாசம் யுவனின் அம்மா பாகீரதி அக்காவுக்கு ஃபோன் செய்தார். அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பையனோடு வருவதாகவும், அன்றைக்கு ஒரு பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் ரக்ஷிதா வந்து எத்தனை ஆச்சு என்று கேட்கவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"மாசத்துக்கு எட்டு கேம் பாக்கறீங்க. இப்படியே போனா நீங்க முடிக்கறப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு ஆயிடும். எங்கிட்ட வர்ற பேஷன்ட் நாலு மணி நேரம் ஊசியோட படுத்திருக்காங்க மாமா. அவங்களுக்குக்கூட எப்ப எழுந்துக்கலாம்னு தெரியும்."

"அவசரப்பட்டா தரம் போயிடும்மா."

"அவரை விட்டுட்டு வேற யாரையும் பாக்க எனக்கு மனசில்ல. அம்மா இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் நிக்கவும் மனசில்ல. நீங்க சொன்னாதான் அம்மா ஒத்துக்கும்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "எனக்காக ஒரு தடவை சொல்லுங்க மாமா."

அவள் போன பிறகு நான் அன்றைய கேமைத் திறந்தேன். மனசாட்சி குத்தத்தான் செய்தது. ஆனாலும் திறந்தேன். சீட்டுக் குலுக்கி எடுத்ததில் வந்தது எண் முந்நூற்று எண்பத்தெட்டு. நான் பார்த்த முப்பத்தொன்றாவது கேம்.

அது பஸ் ஓட்டுகிற கேம். ஒரு நகரம், ஒரே ஒரு வழித்தடம். காலையில் டிப்போவிலிருந்து எடுக்கணும், நிறுத்தத்தில் நிறுத்தணும், ஆட்களை ஏற்றி இறக்கணும், கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான். யுவன் இதற்கு நான்கு மார்க் போட்டிருந்தான். "எதுவும் நடப்பதில்லை. ஓட்டுநரிடம் ஒருவர்கூடப் பேசுவதில்லை. கடைசி வரை இதே கதை."

ஒரு ட்ரிப்புக்கு நாற்பது நிமிஷம். எனக்கு அலுக்கவே இல்லை. மூன்று நாள் ஓட்டினேன், சாப்பாட்டு நேரம் போக மீதி நேரம் முழுக்க ஓட்டினேன். நாலாவது நாள் கொஞ்சம் ஓட்டிவிட்டு, காய்ச்சல் மாதிரி இருந்ததால் படுத்துவிட்டேன். மறுநாள் திரும்ப எடுத்தேன். அறுபத்தொன்றாவது ட்ரிப்பில், மூன்றாவது நிறுத்தத்தில், தினமும் பையோடு ஏறுகிற ஒரு பெரியவர் படியில் நின்று என்னைப் பார்த்தார். திரையில் எழுத்து வந்தது. நேற்று ஏன் வரவில்லை, உனக்காக இரண்டு பஸ்ஸை விட்டேன் என்றார்.

நான் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அழுதேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவர்கூடப் பேசுவதில்லை, கடைசி வரை இதே கதை என்று அவன் எழுதியிருக்கிறான். அப்படியென்றால் கடைசி வரை அவன் போகவே இல்லை. முழுக்கப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இதை நான் அக்காவிடம் சொன்னால் கல்யாணம் அன்றோடு முடிந்தது.

புதன்கிழமை காலையில் யுவனை அல்சூர் ஏரிக்கு எதிரே ஒரு தர்ஷினி ஓட்டலுக்கு வரச் சொன்னேன். அரைக்கால் சட்டையில் வந்தான். இஸ்திரிக்காரர் சொன்னது புரிந்தது. ஒரு காபியை ஒன் பை டூவாக இரண்டு டம்ளரில் வாங்கி, நின்றபடியே இரண்டு பேரும் குடித்தோம்.

"பஸ் கேமு. எத்தினி ட்ரிப் ஓட்டினே?" என்றேன்.

யோசித்தான். "பதினொண்ணு சார்."

"அறுவத்தொண்ணாவது ட்ரிப்ல இன்னா ஆவுதுன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்பறம் எப்டி கடைசி வரைக்கும்னு எழுதினே?"

அவன் டம்ளரை வைத்தான். மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். மழுப்பவில்லை. "மாசத்துக்கு நாலு கேம் எழுதணும் சார், ஒவ்வொண்ணும் அம்பது, நூறு மணி நேரம். முடிக்க டைம் இருக்காது. அந்த வார்த்தையை எழுதினது தப்புதான்."

"நானூத்திப் பன்னெண்டுல எத்தினி முடிச்சிருப்பே?"

"எண்பது இருக்கும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முந்நூற்று முப்பது சொச்சம் பொருள், பாதி பார்த்து ஸ்டிக்கர். எங்கள் தொழிற்சாலையில் இப்படிச் செய்தவனை நான் கேட் வரைக்கும் விரட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ரக்ஷிதா வாசற்படியில் நின்றது ஞாபகம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றதுக்குள்ள அந்த ஒண்ணையாவது முடிச்சிட்டு வா" என்றேன்.

"முடிச்சா ஓகே சொல்லிடுவீங்களா?"

"முடிச்சிட்டு வா. அப்பறம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா கேசரி கிண்டியிருந்தாள். பாகீரதி அம்மா வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நாலு நாளா இவன் பஸ் ஓட்டிட்டே இருக்கான்" என்பதுதான். யுவனின் கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. ஆனால் பேன்ட் போட்டிருந்தான், சட்டையை இஸ்திரி பண்ணியிருந்தான். ரக்ஷிதா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். இந்தப் பத்து நாளாக அந்த பஸ் கேமைப் பற்றியேதான் நான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் அழுததையும் அவன் முழுக்கப் பார்க்காததையும் மட்டும் சொல்லவில்லை.

"முடிச்சியா?" என்று யுவனைக் கேட்டேன்.

"முடிச்சேன் மாமா. அறுபத்தி எட்டு ட்ரிப்."

"பெரியவரு கேட்டாரா?"

"கேட்டாரு. நல்லா இருந்துச்சு. எனக்குக்கூட ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"சரி. இப்ப எவ்ளோ போடுவே?"

எட்டு என்று சொன்னால் போதும். ஏழு என்றாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ரக்ஷிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவை பொய் சொல்லித் தொலையேன் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"நாலுதான் மாமா" என்றான்.

ரக்ஷிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாது?"

"அந்தப் பெரியவர் நல்லா இருக்காரு. இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ஒரு வார்த்தைக்காக ஒருத்தனை அறுபது ட்ரிப் ஒண்ணுமே இல்லாம ஓட்ட வெச்சது தப்பு. நாலுக்கு மேல என்னால போட முடியாது. கடைசி வரைக்கும்னு எழுதினதை மட்டும் திருத்திட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறுபது ட்ரிப் ஒன்றுமில்லாமல் ஓட்டுவது தப்பாம். நான் முப்பத்து நான்கு வருஷம் ஓட்டியிருக்கிறேன், எனக்கு ஒரு பெரியவரும் வரவில்லை. இவன் யார் அதற்கு மார்க் போட? சிவப்பு ஸ்டிக்கர் பையில்தான் இருந்தது. அவன் நெற்றியிலேயே ஒட்டியிருப்பேன்.

ஆனால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயந்துபோயிருந்தான். கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண் பக்கத்தில் நிற்கிறாள், சம்மதம் சொல்ல வேண்டியவன் எதிரில் இருக்கிறான், என்ன சொன்னால் காரியம் நடக்கும் என்பதும் தெரியும். அப்படியும் நான்குதான் என்கிறான். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ சப்ளையர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒருவன் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அசோகா, நானூத்திப் பன்னெண்டும் பாத்துட்டியா? ஒண்ணு வுடாம?"

"பாத்துட்டேங்கா" என்றேன். "ஒண்ணு வுடாம பாத்துட்டேன். ஓகே."

அக்கா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். யுவன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கணக்குப் போடுகிற தோரணை வந்தது.

"எல்லாத்தையுமா மாமா?" என்றான். "அதுல ஒரு கேம் மட்டுமே இருநூறு மணி நேரம் ஆகுமே. நாலு மாசத்துல எப்படி—"

ரக்ஷிதா காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு கரண்டி கேசரியை அள்ளி அவன் வாயில் திணித்தாள். பெரியவர்கள் முன்னால் இப்படி ஊட்டலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. அவன் பேச வாயெடுக்கிற ஒவ்வொரு முறையும் இன்னொரு கரண்டி போனது. பாகீரதி அம்மா சிரித்துவிட்டார். பொண்ணு வெளிப்படையாக இருக்கிறாள், தனக்குப் பிடித்திருக்கிறது என்றார்.

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். "எந்தம்பி சொல்லிட்டான்னா அதுக்கு மேல பேச்சே இல்லீங்க. பாக்காம ஒரு கையெழுத்து போட்டதில்ல, அவன் வாழ்க்கையில."

அக்கா கண்ணில் தண்ணீர். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேசரியைப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதே சமயம் இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகம் இல்லை.

லேப்டாப் ரக்ஷிதாவுடையது. அதில் எத்தனை கேம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். காலி கரண்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தோளில் சாய்ந்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும்" என்றேன். "அவனை மட்டும் பேச வுடாதே."